கேள்வி பதில்: எந்த நூற்றுக்கு இந்தச் சதவீதம்?

கேள்வி: ஐயா, மயில்துத்தத்தில் தாமிரம் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டால் எனக்கு 39.81 வருகிறது. விடைப் பகுதியில் 25.45 என்று இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்? (பதினோராம் வகுப்பு மாணவி)

பதில்: கூட்டலும் வகுத்தலும் சரியாகத்தான் போட்டிருக்கிறாய். கணக்குப் போட்ட பொருள்தான் வேறு. அணு நிறைகளை எடுத்துக்கொள்: தாமிரம் 63.5, கந்தகம் 32, நான்கு ஆக்சிஜன் 64, கூட்டினால் 159.5. தாமிரத்தை இதால் வகுத்து நூறால் பெருக்கினால் உன்னுடைய 39.81. ஆனால் அது நீரற்ற காப்பர் சல்ஃபேட், வெளுத்த தூள். மயில்துத்தம் நீலப் படிகம். அதில் ஒவ்வொரு காப்பர் சல்ஃபேட்டோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்தே இருக்கும். அதற்கு இன்னொரு 90. மொத்தம் 249.5 ஆகிவிட்டது, தாமிரம் அதே 63.5. இப்போது வகுத்துப் பார், 25.45 வரும்.

பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டு இதைக் கண்ணாலேயே பார்த்துவிடு. 2.50 கிராம் நீலப் படிகத்தைப் பொடித்துப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு மெல்லச் சூடாக்கினால், ஓரத்திலிருந்து நிறம் வெளுத்துக்கொண்டே வரும். முழுக்க வெளுத்ததும் மூடி ஆறவைத்து நிறுத்தால் ஏறக்குறைய 1.60 கிராம்தான் இருக்கும். போன 0.90 கிராமும் தண்ணீர், அதாவது 36 சதவீதம். மூடாமல் ஆறவைத்தால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு எடை ஏறிவிடும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தூள் கறுக்கும். சல்ஃபேட்டே சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இதே படிகத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கேட்டால் நிறையப் பேர் நாலோடு நிறுத்திவிடுவார்கள். தண்ணீரில் இருக்கும் ஐந்தையும் சேர்த்து ஒன்பது. 144-ஐ 249.5-ஆல் வகுத்தால் 57.72. கந்தகம் 12.83, ஹைட்ரஜன் 4.01. எல்லாவற்றையும் கூட்டினால் 100.01 வருகிறதே என்று பயப்படாதே, தசமத்தைச் சுருக்கியதில் வந்த மிச்சம் அது. 93 வந்தால்தான் பயப்பட வேண்டும், ஏதோ ஒரு தனிமத்தை விட்டுவிட்டாய்.

கேள்வி: 100 கிராம் தண்ணீரில் 5 கிராம் உப்பைக் கரைத்தால் அது 5 சதவீதக் கரைசல்தானே?

பதில்: இல்லை. கரைசலின் எடை 105 கிராம் ஆகிவிட்டது, உப்பு 4.76 சதவீதம்தான். 5 வேண்டுமானால் தண்ணீர் 95 கிராம் எடுங்கள். மருத்துவமனையில் ஏற்றும் 0.9 சதவீத சலைன் வேறு வகைக் கணக்கு: 100 மி.லி. கரைசலில் 0.9 கிராம் உப்பு. எடைக்கு எடையா, கன அளவுக்கு எடையா என்று போடாமல் வெறும் சதவீதம் மட்டும் எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

கேள்வி: சமையல் சோடாவும் உப்பும் கலந்த தூள் இருக்கிறது. எது எத்தனை சதவீதம் என்று வாய்பாட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: வாய்பாடு மட்டும் போதாது, தராசும் வேண்டும். சேர்மம் என்றால் யார் எங்கே தயாரித்தாலும் விகிதம் ஒன்றுதான். 1790-களில் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஜோசப் ப்ரூஸ்ட் இதைச் சொன்னபோது, அதே நாட்டின் பெர்த்தோலே ஒத்துக்கொள்ளாமல் வருடக்கணக்கில் வாதாடினார். கலவைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, கலக்குபவர் கை போனபடி போகும்.

ஆனால் உங்கள் தூளில் ஒரு வசதி இருக்கிறது. சூடாக்கினால் சோடா சிதையும், உப்பு அப்படியே இருக்கும். 168 கிராம் சோடா சிதைந்தால் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் 62 கிராம் வெளியே போய்விடும், மிச்சம் சோடியம் கார்பனேட். 10 கிராம் தூளை எடுத்துச் சூடாக்கி 2.40 கிராம் குறைந்தது என்று வையுங்கள். 2.40-ஐ 168-ஆல் பெருக்கி 62-ஆல் வகுத்தால் 6.50. சோடா 65 சதவீதம், உப்பு 35. ஒரு முறை நிறுத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். மறுபடி சூடாக்கி, ஆறவைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை பாருங்கள். தூள் ஈரமாக இருந்தால் அந்த ஈரம் போன எடையும் சோடா கணக்கில் ஏறி, விடை கூடிவிடும்.

கேள்வி: கார்பன் 40, ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3 சதவீதம். இது என்ன பொருள்?

பதில்: இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முறையே 12, 1, 16 ஆகியவற்றால் வகுத்தால் ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் கிடைக்கும். ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், குளுக்கோஸ் மூன்றுக்கும் அதே விகிதம்தான். மூலக்கூறு நிறை 30-ஆ, 60-ஆ, 180-ஆ என்று தெரிந்தால் இந்த மூன்றில் எது என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையில் 18-46-0 என்று இருக்கிறது. அப்படியானால் பாஸ்பரஸ் 46 சதவீதமா?

பதில்: அது பாஸ்பரஸ் இல்லை, பாஸ்பரஸ் பென்டாக்சைடாக மாற்றிச் சொன்ன கணக்கு. மூட்டைக்குள் அந்த ஆக்சைடு கிடையாது. பழைய காலத்து ஆய்வாளர்கள் ஆக்சைடாகவே விடை எழுதினார்கள், அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. பென்டாக்சைடின் 142 பங்கில் பாஸ்பரஸ் 62. ஆகவே 46-ஐ 0.436-ஆல் பெருக்குங்கள், 20 வரும். நூறு கிலோ டிஏபியில் 20 கிலோ பாஸ்பரஸ். முதல் எண்ணான 18 நைட்ரஜன், அதை மாற்ற வேண்டியதில்லை. மூன்றாவது எண் பொட்டாஷ், அதுவும் ஆக்சைடு கணக்குதான். பொட்டாசியம் வேண்டுமென்றால் 0.83-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் மூட்டையில் அது பூஜ்யம் என்பதால் அந்தக் கணக்கு இப்போதைக்கு மிச்சம்.