அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: உயிரோடு இருந்தவரை ஒரு கவிதைகூட அச்சாகவில்லையாமே?

பதில்: தவறு. பத்துப் போல அச்சாயின, பெயரில்லாமல். 1866-ல் பாம்புக் கவிதையை ‘ஸ்பிரிங்ஃபீல்டு ரிபப்ளிகன்’ பத்திரிகை போட்டபோது, மூன்றாம் வரியின் கடைசியில் ஒரு நிறுத்தக்குறியைச் செருகிவிட்டார்கள். அது நான்காம் வரியோடு சேர்ந்து ஓடவேண்டிய வரி. எழுத்தாளர் ஹிக்கின்சனுக்கு எழுதிய கடிதத்தில் எமிலி குமுறியிருக்கிறார். அச்சு வேண்டாமென்று ஒதுங்கியவரின் மனசு இதிலிருந்து கொஞ்சம் புரியும்.

கேள்வி: வெள்ளை உடை மட்டும்தான் உடுத்தினாரா?

பதில்: பிற்காலத்தில். அடுத்த கேள்வி.

கேள்வி: அவர் வரிகளுக்கு நடுவே போடும் கோடுகளைப் (—) பற்றிச் சொல்கிறார்கள். என் புத்தகத்தில் கோடே இல்லையே?

பதில்: எந்தப் பதிப்பு என்று பாருங்கள், ஆயிரம் முறை சொல்லிவிட்டேன்! 1890-ல் எமிலியின் ஊர்க்காரர் மேபல் டாடும் ஹிக்கின்சனும் தலைப்பு வைத்து, எதுகையைச் சரிசெய்து, கோடுகளைக் கமாவாக்கி வெளியிட்டார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். எமிலி எழுதியபடியே வேண்டுமானால் ஜான்சன் பதிப்பு (1955) அல்லது ஃபிராங்க்ளின் பதிப்பு (1998).

கேள்வி: டாட் இல்லையென்றால் எல்லாம் பெட்டியிலேயே மக்கியிருக்கும். கொஞ்சம் நன்றி காட்டக்கூடாதா?

பதில்: உழைப்பை மறுக்கவில்லை. 1886-ல் எமிலி இறந்தபின் தங்கை லவினியா கையால் தைத்த ஏடுகளைக் கண்டெடுத்து, முதலில் அண்ணி சூசனிடம்தான் கொடுத்தார். வேலை நகரவில்லை என்று டாடிடம் போனார். டாடோ சூசனின் கணவர் ஆஸ்டினுடைய காதலி! சூசனைப் பாடிய ஒரு கவிதை வரிவரியாக மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. சந்தேகம் யார்மேல் என்று சொல்லவேண்டுமா?

கேள்வி (அதே நபர்): சந்தேகம் சாட்சியாகாது. சூசன் கிடப்பில் போட்டது மட்டும் சரியா?

பதில்: சரியில்லைதான். ஆனால் பிறகு நடந்ததையும் பாருங்கள். ஆஸ்டின் 1895-ல் இறந்தபின் ஒரு துண்டு நிலத்துக்காக லவினியாவும் டாடும் கோர்ட்டுக்குப் போனார்கள். டாட் தோற்றார், தன்னிடமிருந்த கைப்பிரதிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அவற்றை அவர் மகள் 1945-ல்தான் வெளியிட்டார். இன்னொரு பங்கை 1914 முதல் சூசனின் மகள் போட்டுவந்தார். வாசகனுக்கு அரைநூற்றாண்டு அரைக் கவிஞர்தான் கிடைத்தார். இரண்டு வீட்டுக்கும் பங்குண்டு. டாடுக்குக் கொஞ்சம் கூடுதல்.

கேள்வி: காதலன் யார்?

பதில்: இதை மூன்றாவது முறையாகக் கேட்கிறார்கள். ‘மாஸ்டர்’ என்று விளித்த மூன்று கடித வரைவுகள் உண்டு. யாருக்கென்று எவருக்கும் தெரியாது.

கேள்வி: அதே காலத்து அமெரிக்கக் கவிஞர் விட்மனோடு ஒப்பிட முடியுமா?

பதில்: விட்மன் எனக்குத் தெரிந்த பக்கமில்லை. அவரைப் படித்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: அழகழகான தலைப்புகளோடு ஒரு பிடிஎஃப் இருக்கிறது. படிக்கலாமா?

பதில்: தலைப்பா? மேலே போய் மூன்றாவது பதிலைப் படியுங்கள்.