நகரத்துத் தூசியில் ஈயம், ஆர்சனிக் எவ்வளவு என்று எப்படி அளக்கிறார்கள்? வீட்டு ஏர் மீட்டர் போதாதா?

போதாது. வீட்டு மீட்டர் துகள்கள் மேல் லேசரைப் பாய்ச்சி, ஒளி சிதறுவதை வைத்து பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு மேல் போகாத நுண்தூசி) எவ்வளவு என்று கணக்குப் போடும். அது அடுப்புப் புகையா, ஈயமா என்று அதற்குத் தெரியாது.

நான் காற்று மாசு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மொட்டை மாடியில் வைக்கும் எங்கள் சாம்ப்ளர் நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும். ஒரு நாளில் 24 கன மீட்டர். அத்தனையும் 47 மில்லிமீட்டர் டெஃப்ளான் ஃபில்டர் வழியாகப் போகும். அதை எடை போட்டு, அமிலத்தில் கரைத்து, அணுக்களை எடை வாரியாகப் பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கொடுப்போம்.

இனிமேல்தான் சிக்கல். இந்தியாவின் 2009 தர அளவுப்படி ஆர்சனிக்கின் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 6 நானோகிராம். காற்று சரியாக அந்த வரம்பில் இருந்தால், ஃபில்டர் முழுவதிலும் சேர்த்தே 144 நானோகிராம்தான் கிடைக்கும். இவ்வளவு சின்ன அளவில் ஃபில்டரில் முன்பே இருந்தது, அமிலத்தில் இருந்தது, கையாளும்போது ஒட்டியது எல்லாம் கணக்கில் ஏறிவிடும். அதனால் இன்னொரு ஃபில்டரையும் மாடிக்குக் கொண்டுபோய், காற்றை இழுக்காமல் மாட்டிக் கழற்றி, அதே அமிலத்தில் கரைத்து, வரும் அளவைக் கழிப்போம். ஃபீல்டு பிளாங்க் என்பது இதுதான். கண்ணாடி இழை ஃபில்டரில் துத்தநாகமும் பேரியமும் ஏற்கெனவே நிறைய உண்டு. தீபாவளிப் புகையில் பேரியம் தேடுகிறவர் அதை எடுத்தால் வேலை கெட்டது.

ஆர்சனிக் இன்னும் படுத்தும். அதன் நிறை எண் 75. கருவியின் பிளாஸ்மாவில், அதாவது சாம்பிளை அணுக்களாகப் பிரிக்கும் மிகச் சூடான வாயுவில், இருப்பது ஆர்கான், 40. கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்திருந்தால் அதன் குளோரின், 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் 75! ஹீலியம் வாயுவை விட்டு அந்தப் போலியை வடிகட்டாவிட்டால், இல்லாத ஆர்சனிக் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை நினைத்துக் கலங்கும் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?

உங்கள் ஏரியா ரிப்போர்ட் கைக்கு வந்தால், பிளாங்க் மதிப்பு எவ்வளவு, அதைக் கழித்தார்களா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் எத்தனை நாள் சாம்பிள் என்று பாருங்கள். ஆர்சனிக்குக்கும் நிக்கலுக்கும் ஆண்டு வரம்பு மட்டுமே உண்டு. ஒரு நாள் அளவை அதோடு ஒப்பிடுவது தப்பு. ஈயத்துக்கு 24 மணி நேர வரம்பும் இருக்கிறது: கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம்.