ஐரோப்பாவில் மறுபடி வண்ணம் தீட்டப்பட்ட சீன, ஜப்பானியப் பழம் பீங்கானை வாங்கலாமா? அது போலியா?

போலி அல்ல, தாராளமாக வாங்கலாம். ஆனால் பாத்திரம் எங்கே செய்யப்பட்டது, வண்ணம் எங்கே ஏறியது என்று தனித்தனியாகப் பார்க்கப் பழகிய பிறகு வாங்குங்கள். நான் பழகுவதற்கு முன்பே வாங்கி ஏமாந்தவன்.

சீனாவில் மிங் அரச வம்சத்தின் ஆட்சி வீழ்ந்த குழப்பத்தில், பீங்கானுக்குப் பேர்போன சிங்தெஜென் ஊர்ச் சூளைகளின் ஏற்றுமதி தடைப்பட்டதால், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜப்பானின் பீங்கான் ஊரான அரிட்டாவை நாடி, 1659இல் அங்கே பெருமளவில் சரக்குக் கேட்டது. பால்வெள்ளைப் பரப்பில் செம்மஞ்சளும் நீலப்பச்சையும் சிக்கனமாகத் தீட்டிய, அரிட்டாவின் காகியெமோன் பாணிக்கு ஐரோப்பியச் சீமான்கள் எவ்வளவும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். சீன ஏற்றுமதி மீண்டபோது நீல வெள்ளைப் பாத்திரங்கள் குவிந்து மலிந்தன. வண்ணப் பாத்திரங்களுக்கான மோகமோ தணியவில்லை. எனவே 1700ஐ ஒட்டி, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் போன்ற ஊர்களில் இருந்த ஓவியர்கள் மலிவான வெள்ளை அல்லது நீல வெள்ளைப் பாத்திரங்களை வாங்கி, மெருகின்மேல், அதாவது பீங்கானை மூடிய கண்ணாடிப் பூச்சின்மேல், எனாமல் என்னும் சுட்டால் ஒட்டும் வண்ணத்தைத் தீட்டிச் சிறு சூளையில் மறுபடி சுட்டு விற்றார்கள். பீங்கான் ஏறத்தாழ 1300 டிகிரியில் வெந்தது. எனாமலுக்கு அதைவிட மிகக் குறைந்த சூடே போதும் என்பதால் அடியிலுள்ள நீலம் கலையாது.

என் முதல் தட்டு, காகியெமோன் என்று சொல்லி விற்கப்பட்டது. வீட்டில் விளக்கின்கீழ் அதைச் சாய்த்தபோது, மெருகுக்கு அடியில் மறைவாகக் கீறப்பட்ட தாமரை இதழ்கள் தெரிந்தன. வரைந்திருந்த இரண்டு காடைகளோ அந்த இதழ்களைச் சட்டை செய்யாமல் அவற்றின் குறுக்கே நடந்துகொண்டிருந்தன. இதழைக் கீறியவரே காடையை வரைந்திருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டார். தட்டைத் திருப்பினேன். சூளையில் நடுப்பகுதி தொய்யாமலிருக்க அரிட்டாக்காரர்கள் கொடுத்த முட்டுகளின் சிறு வடுக்கள், அவர்களுடைய தட்டுகளின் அடியில் பெரும்பாலும் காணப்படும். இதில் ஒன்றுகூட இல்லை. மாறாக, அடிவளையத்தில் மெருகு முடியும் இடத்தில், சீனப் பாத்திரங்களில் அடிக்கடி காணப்படும் துருநிறக் கோடு ஓடியது. ஆக, உடல் சீனம், ஓவியம் டச்சு. பல மடங்கு அதிகமாகக் கொடுத்திருந்தேன் என்றாலும், கோழிக்குஞ்சு போலிருக்கும் அந்தக் காடைகளுக்காகவே அதை இன்றுவரை விற்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நடந்த மேற்பூச்சு வேறு ரகம். முழுமையாக வரையப்பட்டிருந்த நீல ஓவியத்தின்மேலேயே சிவப்பையும் பச்சையையும் பொன்னையும் அப்பிய அவற்றை நான் விரும்புவதில்லை. ஆனால் பழகுவதற்கு அவையே நல்ல பாடம். சில பாத்திரங்களில் கத்திக் கீறல் வண்ணத்துக்கு அடியில் போவதை லென்ஸில் காணலாம். பாத்திரம் புழங்கிய பிறகே வண்ணம் ஏறியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பழைய பாத்திரத்தைத் திரும்பச் சுட்டதால் மெருகில் கரும்புள்ளிகள் விழுந்திருப்பதும் உண்டு. இதற்கு நேர்மாறாக, 1720களில் பிரெஸ்லாவ் (இன்றைய போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப்) பக்கத்தில் இக்னாஸ் பிரைஸ்லர் என்ற ஓவியர் கறுப்பு எனாமலால் சீனப் பீங்கானில் தீட்டியவை அபூர்வமானவை. என்னைப் போன்றவர்கள் அவற்றை அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

வாங்கும்போது பாத்திரத்தின் நாட்டையும் ஓவியத்தின் நாட்டையும் ரசீதில் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கும் கடைக்காரரிடம் நான் பணத்தை எடுப்பதில்லை.