பேரப்பிள்ளைகள் நடுக்கடலில் இருக்கும்போது

கேள்வி: பிரான்சில் வாழும் என் மகளும் பிரெஞ்சுக்கார மருமகனும் ஒன்பது, ஆறு வயதுப் பிள்ளைகளுடன் சொந்தப் பாய்மரப் படகில் கிளம்பிவிட்டார்கள். இப்போது கானரி தீவுகளில் இருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனில் இருக்கும் மார்த்தினீக் தீவுக்குப் போகிறார்களாம். மூன்று வாரம் கரையே தெரியாது என்கிறாள். புயல், திமிங்கலம் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விட்டது. பிள்ளைகளையாவது என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லலாமா? மார்த்தினீக்குக்கே போய் அவர்களை வரவேற்கவும் ஆசை.
வாசகி, புதுச்சேரி

பதில்: சொல்லலாம் அம்மா, ஒரே ஒரு முறை. அதற்கு மேல் சத்தியம் வாங்குவது, சாப்பிடாமல் கிடப்பது எல்லாம் வேண்டாம். கலங்கிய மனதோடு சுக்கான் பிடிப்பவரால் யாருக்கும் நன்மை இல்லை.

உங்கள் பயத்தில் பாதியை அவர்கள் ஏற்கெனவே கடந்துவிட்டார்கள். பிரான்சிலிருந்து தெற்கே வருகிறவர்கள் அதிகம் அஞ்சுவது பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே இருக்கும் பிஸ்கே விரிகுடாவுக்கு. 2020 முதல் படகுகளின் சுக்கானை உடைத்துவரும் ஓர்கா திமிங்கலங்கள் திரிவதும் ஸ்பெயின், போர்ச்சுகல் கடலோரத்தில்தான். இதையெல்லாம் உங்கள் காதில் போடாமலே மகள் தாண்டி வந்திருக்கிறார்; கெட்டிக்காரர்!

இனி இருப்பது நீண்ட கடல், ஆனால் ஓரளவு ஒழுங்கான கடல். கரீபியன் பக்கத்துச் சூறாவளிக் காலம் நவம்பர் 30-உடன் முடிவதாகக் கணக்கு; புறப்பாட்டை அதற்காகத்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள். பிறகு வடகிழக்கிலிருந்து சீராக வீசும் ‘வியாபாரக் காற்று’ பின்னாலிருந்து தள்ளும். 1492-இல் கொலம்பஸ் கானரியிலிருந்து மேற்கே போனதும் இதே காற்றில்தான். தூரம் சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். படகு சைக்கிள் வேகத்தில்தான் போகும். இரவும் பகலும் நிற்காமல் போவதால் மூன்று வாரத்தில் சேர்ந்துவிடும். இடையே திடீர் மழைக்காற்று அடிக்கும், பாயைச் சுருக்கிச் சமாளிப்பார்கள்.

நானாக இருந்தால் தூக்கத்தை நினைத்துத்தான் கவலைப்படுவேன். உங்கள் தூக்கத்தை அல்ல, அவர்களுடையதை. பெரியவர்கள் இருவர் மட்டுமே என்றால் இரவில் மூன்று மூன்று மணி நேரமாக மாறி மாறிக் காவல் இருக்க வேண்டும். பகலில் பிள்ளைகள் விடமாட்டார்கள். முதல் சில நாள்கள் குமட்டல் வேறு. களைத்த மனிதர்தான் கால் தவறுவார். பின்காற்றில் ஓடும் படகைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள், அலைகளுக்கு நடுவில் ஒரு தலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே மருமகனிடம் கேளுங்கள்: பிள்ளைகள் மேல்தளத்துக்கு வந்தால் உடம்பில் வார் கட்டிப் படகோடு கொக்கி மாட்டுகிறார்களா? இரவில் தனியாகக் காவல் இருப்பவர், மற்றவரை எழுப்பாமல் பாய்மரத்தடிக்குப் போவதில்லை என்று விதி உண்டா? தெரிந்த ஒருவரை மூன்றாவது ஆளாக ஏற்றிக்கொள்ள முடியுமா? மாமியார் இதையெல்லாம் கேட்டால் அவர் ஆடிப்போவார், கேளுங்கள்.

நோய் வந்தால்? துலூஸ் நகர மருத்துவமனையில் பிரெஞ்சுக் கடலோடிகளுக்கென்றே இரவு பகலாக மருத்துவர்கள் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் போனில் பேசலாம். ஆனால் உங்களிடம் பூசி மெழுக விரும்பவில்லை. 2014 ஏப்ரலில் பசிபிக்கில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் ஒரு வயதுக் குழந்தை நோயுற்றபோது, மீட்பு வீரர்கள் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து உதவ வேண்டியிருந்தது. குடும்பம் பிழைத்தது, படகைக் கடலில் மூழ்க விட்டார்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் தங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லும் வயதினர். அது பெரிய வித்தியாசம்.

அடுத்தது உங்கள் பங்கு. தினமும் பேச வேண்டும் என்று கேட்காதீர்கள். உப்புக்காற்றில் கருவிகள் சொல்லாமல் கொள்ளாமல் கெட்டுப்போகும். அன்று நீங்கள் ஊரையே கூட்டிவிடுவீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை படகு இருக்கும் இடத்தை மட்டும் அனுப்பினால் போதும். எத்தனை நாள் சேதி வராவிட்டால், யார், யாருக்குச் சொல்வது என்பதைப் புறப்படும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள். ஆபத்தில் செயற்கைக்கோளுக்கு அபயக்குறி அனுப்பும் பெட்டி ஒன்று படகில் இருக்கும். அதைப் பதிவு செய்யும்போது கரையில் இருக்கும் உறவினர் எண்ணைக் கேட்பார்கள். அது பிரான்சில் இருப்பவர் எண்ணாக இருக்கட்டும், உங்களுடையதாக வேண்டாம். மீட்பு மையம் பிரெஞ்சில் கேட்கும் கேள்விக்கு நள்ளிரவில் பதறாமல் பதில் சொல்ல வேண்டும்.

கை சும்மா இருக்கக் கூடாது என்றால் சமையலில் உதவுங்கள். பின்காற்றில் படகு இடமும் வலமும் ஓயாமல் உருளும். மூடி பூட்டிய பிரஷர் குக்கர்தான் அங்கே பத்திரமான பாத்திரம். புளிக்காய்ச்சல் கிளறும் முறையைப் போனில் சொல்லிக்கொடுத்து, கரையில் இருக்கும்போதே ஒரு ஜாடி நிரப்பச் சொல்லுங்கள். வெங்காயம், உருளை, பூசணி, முட்டைக்கோஸ் மூன்று வாரம் தாங்கும். கீரை கிடைக்காது, பச்சைப் பயறு நிறைய வாங்கி முளைகட்டிக்கொள்ளட்டும்.

பிள்ளைகளுக்குச் சலிக்குமா என்றால், சலிக்கும். காலையில் தளத்தில் விழுந்து கிடக்கும் பறக்கும் மீன்களை எண்ணுவார்கள், பாடம் எழுதுவார்கள், சண்டை போடுவார்கள். வீட்டில் நடப்பதுதான்.

மார்த்தினீக் பயணத்துக்குத் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். காற்று குறைந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகும். அது பிரெஞ்சு மண்தான் என்றாலும் ஐரோப்பாவுக்கான சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். புதுச்சேரிக்காரரான உங்களிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தால் அந்த அலைச்சலும் இல்லை.