டூ எஸ் கண்ட்ரோலரில் த்ரீ எஸ் பேட்டரி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஆர்.சி. (ரிமோட்) கார் ஓட்டுபவர்கள் கேட்டவை இவை.

என் இ.எஸ்.சி. (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர்) 2எஸ்ஸுக்கானது, அதாவது இரண்டு செல் லிப்போ பேட்டரிக்கு. கூட்டாளி அதே கண்ட்ரோலரில் மூன்று செல் 3எஸ் மாட்டி ஓட்டுகிறான், ஒன்றும் ஆகவில்லை. நானும் மாட்டலாமா அண்ணே?

இன்னும் ஆகவில்லை, தம்பி, அவ்வளவுதான். 3எஸ் என்றால் 11.1 வோல்ட் என்று கணக்குப் போடாதே. முழுசாகச் சார்ஜ் ஏறினால் 12.6. மூடியைக் கழற்றி, பேட்டரி வயர் சேரும் இடத்தில் நிற்கும் உருளைக் கெப்பாசிட்டரைப் பார். 10 வோல்ட் என்றிருந்தால் பேச்சே வேண்டாம். 16 என்றிருந்தாலும், மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் எவ்வளவு தாங்கும் என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டும் தப்பினாலும் பி.இ.சி. மாட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவுக்கும் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் 6 வோல்ட் கொடுக்கும் பகுதி அது. லீனியர் வகையாக இருந்தால், மிச்ச வோல்ட்டை அப்படியே சூடாக்கிவிடும். சர்வோ 2 ஆம்பியர் இழுக்கும்போது முழு சார்ஜ் 2எஸ்ஸில் (8.4 – 6) × 2, அதாவது 4.8 வாட் சூடு. 3எஸ்ஸில் 13.2. செம்பனைக்கு நடுவே காற்று அசையாத மத்தியானத்தில் நகத்தளவு சிப்பு அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? என் பழைய கண்ட்ரோலர் ஒன்று இப்படித்தான் போனது. முதலில் மீன் வாடை. அப்புறம் ஸ்டியரிங் செத்து, கார் நேராக லோங்காங்கில் (சாக்கடையில்) இறங்கியது. பி.இ.சி. ஷார்ட் ஆகிவிட்டால் முழு பேட்டரி வோல்ட்டும் ரிசீவருக்குப் போய், அதுவும் சேர்ந்து கருகும்.

சரியான பேட்டரிதான். ஆனால் வயர் எட்டாமல் நீட்டிவிட்டேன். தப்பா?

தப்புதான். மாஸ்ஃபெட் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும். நீள வயரில் ஒவ்வொரு தடவையும் வோல்ட் துள்ளும். அளவான பேட்டரி போட்டும் கெப்பாசிட்டர் உப்புவது இதனால்தான். மோட்டர் பக்க வயரை நீட்டு, பேட்டரி பக்கத்தைக் குட்டையாக வை. வேறு வழியே இல்லையென்றால், குறைந்த ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை) உள்ள 35 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கண்ட்ரோலர் அருகிலேயே சால்டர் செய். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும்.

2எஸ் எச்.வி. லிப்போ (சாதாரண லிப்போவைவிடக் கூடுதல் வோல்ட் ஏறும் வகை) போடலாமா?

ஒரு செல்லுக்கு 4.35, மொத்தம் 8.7 வோல்ட். கையேட்டில் உச்சம் 8.4 என்றிருந்தால் சார்ஜரைச் சாதாரண லிப்போவில் வைத்து 4.2-லேயே நிறுத்திவிடு. பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது.

3எஸ் இல்லாமல் வேகம் கூட்ட வழி?

மோட்டர் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் ஒரு பல் கூட்டு. ஐந்து நிமிடம் ஓட்டி மோட்டரைத் தொட்டுப் பார். விரல் வைக்க முடியவில்லையா, பழைய பினியனையே மாட்டு.