ஊர்விட்டு ஊர் போன கோட்டை

பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காக நானும் கணவரும் வர்ஜீனியா வந்திருக்கிறோம். வாஷிங்டனின் நினைவகங்களைப் பார்த்து முடித்துவிட்டோம். காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பும்படியாக, பழைய கட்டடங்கள் உள்ள சிற்றூர் ஒன்றைச் சொல்வீர்களா?
– வாசகி, மதுரை

பதில்: ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குப் போய் வாருங்கள். வாஷிங்டனிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், பொடோமாக் ஆறும் ஷெனண்டோவா ஆறும் கூடும் முனையில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் எல்லையில் இருக்கிறது. குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹார்ப்பர் என்பவர் இங்கே ஓடம் விட்டதால் வந்த பெயர் அது. அவர் தமக்கென்று கட்டி, குடிபுகாமலேயே 1782இல் இறந்துபோன கல்வீடுதான் கீழூரில், அதாவது ஊரின் தாழ்வான பழைய பகுதியில், எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது. அதையொட்டிப் பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறினால், 1833இல் கட்டப்பட்டு 1896இல் இன்றைய கோதிக் உருவம் பெற்ற புனித பேதுரு கத்தோலிக்கத் தேவாலயத்தையும், சற்று மேலே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) மருத்துவமனையாகப் பயன்பட்டு இப்போது கூரையின்றி நிற்கும் புனித யோவான் ஆலயத்தின் சுவர்களையும் காணலாம்.

இந்த ஊரை வளர்த்தது ஜார்ஜ் வாஷிங்டன் இடம் தேர்ந்து தொடங்கிவைத்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை. அதுவே ஊரின் அழிவுக்கும் காரணமாயிற்று. போரின்போது எட்டு முறை கைமாறிய ஊரில், அந்தத் தொழிற்சாலைக் கட்டடங்களுள் தப்பியது ஒன்றே ஒன்று.

கேள்வி: அங்குள்ள ‘ஜான் பிரவுன் கோட்டை’ வெறும் சின்னச் செங்கல் கொட்டகை, அதுவும் பழைய இடத்தில் இல்லை, அதற்காகப் போக வேண்டாம் என்கிறார் மருமகன். உண்மையா?

பதில்: மருமகன் சொன்ன செய்திகள் இரண்டும் சரி, போக வேண்டாம் என்ற முடிவுதான் சரியில்லை. நான் மேலே சொன்ன, தப்பிய கட்டடம் அதுதான். தொழிற்சாலையின் தீயணைப்பு வண்டிகளை நிறுத்த 1848இல் கட்டியது. அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து அவர்களை விடுவிக்க வேண்டும் என்ற துணிவோடு, 1859 அக்டோபர் 16ஆம் நாள் இரவு ஜான் பிரவுன் சிறு குழுவுடன் தொழிற்சாலையைக் கைப்பற்றினார். அவருடைய ஆட்களின் குண்டுக்கு முதலில் பலியானவர் ஹேவர்ட் ஷெப்பர்ட் என்ற ரயில்நிலையப் பணியாளர். அடிமையாக இல்லாத, சுதந்திரமான கறுப்பினத்தவர். வளைக்கப்பட்ட பிரவுன் பிணைக்கைதிகளோடு இந்தக் கொட்டகைக்குள் புகுந்துகொள்ள, 18ஆம் நாள் காலை அமெரிக்க ராணுவ அதிகாரி ராபர்ட் ஈ. லீ தலைமையில் வந்த மரீன் படையினர் கதவை உடைத்து அவரைப் பிடித்தார்கள். டிசம்பர் 2ஆம் நாள் தூக்கு. பதினாறு மாதங்களில் உள்நாட்டுப் போர் மூண்டது.

அதன் பிறகு கட்டடம் ஊர் சுற்றப் புறப்பட்டது. 1891இல் செங்கல் செங்கலாகப் பிரித்துச் சிகாகோவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். பத்து நாளில் வந்தவர்கள் பதினொரு பேர். கைவிடப்பட்ட அதை 1895இல் மீட்டுவந்து ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் எழுப்பினார்கள். பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1867இல் தொடங்கிய ஸ்டோரர் கல்லூரி அதை வாங்கித் தன் வளாகத்துக்கு மாற்றியது. கல்லூரி 1955இல் மூடப்பட்டபின், 1968இல் தேசியப் பூங்காத் துறை அதைக் கீழூருக்கே கொண்டுவந்தது. பழைய இடத்தை ரயில்பாதைக் கரை மூடிவிட்டதால், சற்றுத் தள்ளித்தான் வைக்க முடிந்தது. இத்தனை அலைச்சலில், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போலக் கட்டடத்தின் இடவலமும் மாறிப்போயிருக்கிறது!

அது பண்ணையில் நின்ற காலத்தில், 1906 ஆகஸ்டில், கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் முதலான, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய நயாகரா இயக்கத்தினர் அதைக் காண வந்தார்கள். புனித இடமென்று கருதிக் காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். கோயில் வாசலில் செருப்பை விட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருமகனிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு மூட்டுவலி. ஏற்ற இறக்கம் அதிகமா?

பதில்: கீழூர் பெரும்பாலும் சமதளம். கோட்டை, ஹார்ப்பர் வீட்டின் வெளிப்புறம், பழைய வெள்ளங்களின் உயரத்தைக் குறித்துவைத்த சுவர் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. தேவாலயத்துக்குப் போகும் கற்படிகள் செங்குத்தானவை, மழையில் வழுக்கும். அவற்றைக் கணவருக்கு விட்டுவிட்டு நீங்கள் கீழிருந்தே பார்க்கலாம். கீழூரில் வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு. மேட்டிலுள்ள பூங்கா வரவேற்பு மையத்தில் காரை விட்டுவிட்டு, அங்கிருந்து புறப்படும் பூங்காப் பேருந்தில் இறங்கிவாருங்கள். திரும்பும் வழியில் காரிலேயே ஸ்டோரர் கல்லூரியின் பழைய வளாகத்தையும் பார்த்துவிடலாம்.