ஸ்பீட்ஸ்டர் நகல் வண்டி: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

நியூயார்க்கைச் சேர்ந்த இறக்குமதியாளர் மேக்ஸ் ஹாஃப்மன் வற்புறுத்தியதால் 1954-இல் அமெரிக்கச் சந்தைக்கென வந்த போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் விலையை 3000 டாலருக்குள் அடக்குவதற்காக, அதன் முன்கண்ணாடியைத் தாழ்த்தி, ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடிகளையும் நீக்கினார்கள். 1958-இல் அதன் உற்பத்தி நின்றது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தை ஏறத்தாழ 30 செ.மீ. வெட்டிக் குறைத்து, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் கூட்டைப் பொருத்திய நகல்களே இன்று ஆர்வலர் பலரின் கைக்கு எட்டுகின்றன. அத்தகைய வண்டியை வைத்திருப்பவர்களும் வாங்க எண்ணுபவர்களும் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: நவீன பாகங்களைச் சேர்த்தால் பழமையின் அழகு கெட்டுவிடாதா? எல்லையை எங்கே வகுப்பது?

பதில்: 356 வரிசை தன் வாழ்நாளிலேயே எவற்றை ஏற்றுக்கொண்டது என்று பார்ப்பதே என் அளவுகோல். சூப்பர் 90 மாடலில் போர்ஷே நிறுவனமே பின்ஆக்ஸிலுக்குக் குறுக்கே ஒரு கூடுதல் வில்பட்டையைப் பொருத்தியது; 356சி மாடலில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தது. இத்தகைய மாற்றங்கள் அந்தக் குடும்பத்துக்கு உரியவை என்பதால் தயங்க வேண்டியதில்லை. கண்ணில் படுபவை, காதில் விழுபவை, கையில் உணரப்படுபவை ஆகிய மூன்றிலும் மட்டும் கஞ்சத்தனமாக இருங்கள்.

கேள்வி: டிஸ்க் பிரேக் போட்டால் பழைய சக்கரங்களைப் பொருத்த முடியாது என்கிறார்களே?

பதில்: எந்த டிஸ்க் என்பதைப் பொறுத்தது. 356ஏ, 356பி வண்டிகளிலும் 1967 வரையிலான பீட்டில்களிலும் சக்கரத்தைப் பிடிக்க 205 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள் இருந்தன. நடுவில் பெரிய துளையுடன் தெரியும் அந்தச் சக்கரம்தான் ஸ்பீட்ஸ்டரின் முகவெட்டில் பாதி. பிந்தைய பீட்டில்களின் நான்கு போல்ட் டிஸ்க்குகளை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் அதை இழந்துவிடுவீர்கள். 205 மி.மீ. அமைப்பிலேயே டிஸ்க் தொகுப்புகள் விற்பனைக்கு உள்ளன. சற்றுக் கூடுதலாகச் செலவழித்து அவற்றை வாங்குங்கள். பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றாக இருந்தால், டிஸ்க்குக்கும் முன்னதாக அதை இரட்டைச் சுற்றாக மாற்றுங்கள். ஒரு குழாய் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும் ஏற்பாட்டை அசல் என்பதற்காகப் போற்றுவதில் பொருளில்லை.

கேள்வி: 1600 சி.சி. பீட்டில் இன்ஜின் சோம்பலாக இருக்கிறது. அதையே 1915 சி.சி.க்குப் பெரிதாக்குவதா, 2.5 லிட்டர் சுபாரு இன்ஜினை வைப்பதா?

பதில்: சுபாருவும் படுக்கை வாட்டத்தில் நான்கு சிலிண்டர்கள் கொண்டதே, வலுவிலும் நம்பகத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது நீரால் குளிர்வது. முன்புறம் ரேடியேட்டர், தரைக்கடியில் நீளமான குழாய்கள் என்று வண்டியின் எளிமை போய்விடும். காற்றால் குளிரும் இன்ஜினுக்கே உரிய அந்த உலர்ந்த சடசடப்பும் இருக்காது. அந்த ஒலிக்காகத்தானே இந்த வண்டியை நாடினோம்? ஆகவே 1776 அல்லது 1915 சி.சி., இரட்டைக் கார்புரேட்டர் என்பதே என் பரிந்துரை.

ஆனால் வலுவைக் கூட்டுமுன் வெப்பத்தைக் கவனியுங்கள். இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும் அவற்றின் விளிம்பிலுள்ள ரப்பர் பட்டையும் மேலே இருக்கும் குளிர்காற்றையும் கீழே இருக்கும் சூடான காற்றையும் பிரிக்கின்றன. பீட்டிலுக்கென வார்த்த தகடு நகல் கூட்டின் திறப்போடு பல வண்டிகளில் சரியாகப் பொருந்துவதில்லை. மூடியைத் திறந்து மேலிருந்து பாருங்கள்: ஓரத்தில் எங்காவது தரை தெரிந்தால், விசிறி அந்த இடைவெளி வழியே தான் வெளியேற்றிய சூட்டையே மீண்டும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை அடைக்காமல் பெரிய இன்ஜின் வைப்பது காசைக் கரியாக்கும் வேலை. எண்ணெய் வெப்பமானி ஒன்றையும் பொருத்துங்கள். பழைய பாணி முகப்புடனே கிடைக்கிறது.

கேள்வி: மின்மோட்டார்?

பதில்: நல்ல வண்டியாகும், ஸ்பீட்ஸ்டராகாது.

கேள்வி: வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் வழுக்குகிறது. ஷாக் அப்சார்பரை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஓரளவே உதவும். உங்கள் வண்டி பழைய ஊசல் ஆக்ஸில் (சக்கரமும் ஆக்ஸிலும் ஒன்றாகவே மேலும் கீழும் ஆடும் அமைப்பு) கொண்டது என நினைக்கிறேன். காலை எடுத்ததும் பின்பகுதி உயர, சக்கரங்களின் அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கி, வெளிச் சக்கரம் பிடிப்பை இழக்கிறது. முதலில் சொன்ன குறுக்கு வில்பட்டையே இதற்கு மருந்து. இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், 1969 முதல் அமெரிக்க பீட்டில்களில் வந்த தனித்தியங்கும் பின்சஸ்பென்ஷன் கொண்ட அடித்தளத்தைக் கேட்டு வாங்குங்கள். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அகலமான டயர்களால் இதைச் சரிக்கட்ட முயல வேண்டாம். 165 மி.மீ. அகலமே இந்த உடலுக்கு அழகு. ஸ்டியரிங்கும் லேசாக இருக்கும்.

கேள்வி: ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. எல்இடி போட்டால் தோற்றம் கெடுமே?

பதில்: பல்பை மாற்றுமுன் எர்த் ஒயரைப் பாருங்கள். இரும்பு உடலில் விளக்கைத் திருகினாலே மின்சுற்று முடிந்துவிடும். ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேஸிஸ் வரை தனி ஒயர் வர வேண்டும். அதன் முனையில் துரு ஏறினாலும் வெளிச்சம் குறையும். முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விளக்குகளுக்கு ஒரு ரிலேயையும் (பேட்டரி மின்சாரத்தை நேராக விளக்குக்கு விடும் சுவிட்ச்) சேர்த்தால், மஞ்சள் ஒளியுள்ள சாதாரண ஹாலஜன் பல்பே போதுமான அளவு எரியும்.